வேலுமணி வாங்கிய வீடியோ கேமரா

வேலுமணிக்கு வலது கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் கட்டைவிரல் மட்டும் துடித்தது. பிறகு மணிக்கட்டு வரை ஏறியது. மாத்திரை போட்டால் அடங்கும், மதியத்துக்குமேல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் இரும்பைக் கடையும் லேத் ஓட்டியவர் அவர். எட்டு மாதத்துக்கு முன்பு முதலாளி கூப்பிட்டு, "மணியண்ணா, ஸ்டோருக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணுமுங்க. நீங்க உக்காந்தீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலுமணியும் "ஆகட்டுங்க" என்று லேத்தை விட்டுச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார். சண்டை போடும்போதுகூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் இது. ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி மாசாணியம்மாள் வள்ளிக் கும்மி வகுப்பில் சேர்ந்தார்.

"அம்பது வயசுல கும்மியா? மூட்டுக்குத் தைலம் வாங்கி வெச்சுட்டுப் போ புள்ள" என்றார் வேலுமணி.

"உங்க தைலத்த நீங்களே தேச்சுக்கங்க. நான் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் மாசாணியம்மாள்.

ஒருநாள் மழை வரும்போல இருந்ததால் குடையோடு கோயில் மைதானத்துக்குப் போன வேலுமணி, கூப்பிட வந்ததை மறந்து வேலியோரம் நின்றுவிட்டார். எண்பது பெண்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, அரை வட்டம் திரும்பி ஒரு தட்டு. மாசாணியின் காலில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. ரேஷன் வரிசையிலும் அடுப்படியிலும் இருபத்தேழு வருடமாகப் பார்த்த உடம்புதான். அதற்குள் இதை எங்கே வைத்திருந்தார் என்று அவருக்குப் புரியவில்லை.

அரங்கேற்றம் அவிநாசிக்குப் பக்கத்தில், ஒரு மாரியம்மன் கோயில் திடலில் என்று முடிவானது. அதைத் தன் கையாலேயே வீடியோ எடுத்துவிட வேண்டும் என்று வேலுமணி முடிவு செய்தார். குழுவுக்கென்று வீடியோக்காரர் வருவார், ட்ரோன்கூடப் பறக்கவிடுவார். ஆனால் அதில் எண்பது பச்சைச் சேலைகள் தெரியும், மாசாணி தெரியமாட்டார்.

பெங்களூரில் வேலை செய்யும் மகள் யுவஸ்ரீ, "போன்லயே எடுங்கப்பா" என்றாள். ஒத்திகை ஒன்றில் எடுத்துப் பார்த்தார். நாற்பது நிமிடம் கை கடுக்கப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாவது நிமிடத்திலேயே நின்றிருந்தது. துடித்த கட்டைவிரல் திரையைத் தொட்டு நிறுத்தியிருக்கிறது.

அதன் பிறகுதான் காந்திபுரத்தில் ரம்ஷாவின் கடைக்குப் போனார். பழைய கேமரா, புதுக் கேமரா இரண்டும் விற்கிற சின்னக் கடை. ரம்ஷாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோட்டைமேட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் வீடியோ எடுக்கப் பத்து வருடம் போய்க்கொண்டிருந்தவர்.

"சொல்லுங்ணா, எதுக்கு வேணும்?"

"எங்கூட்டம்மா கும்மி ஆடறாங்க. மூணு மணி நேரம் எடுக்கணுமுங்க."

"எவ்வளவு தூரத்துல இருந்துங்ணா?"

"ஒரு நூறடி அக்கட்ட இருந்து."

"ஸ்டாண்டு ஒண்ணு சேத்துத் தரட்டுங்களா?"

"வேண்டாமுங்க. கைலயே புடிச்சுக்குவேன்."

வேலுமணியின் வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. துணி லேசாக அசைந்துகொண்டிருந்தது. ரம்ஷாவின் கண் ஒரு நொடி அங்கே போய்த் திரும்பியது. பிறகு அவர் ஒரு புது கேமராவை எடுத்துக் காட்டினார். ஐம்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஜூம், விரலால் தொட்டே எல்லாவற்றையும் மாற்றுகிற திரை. எதிர்க்கடை வாசலில் நின்றவரின் சட்டைப் பொத்தான் வரை கிட்டே வந்தது. வேலுமணிக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"சரிப்படலீன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்ணா, மாத்திக்கலாம்" என்று ரம்ஷா சொன்னார். படியிறங்கும்போது அதையே இன்னொரு முறை சொன்னார்.

அடுத்த ஒத்திகையில் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜூமை முழுக்க இழுத்து மாசாணியின் முகத்தைப் பிடித்தார் வேலுமணி. இரண்டு தட்டு முடிவதற்குள் வட்டம் நகர்ந்து முகம் போய்விட்டது. அந்த இடத்தில் யாருடைய முழங்கையோ வந்தது. தேடிப் பிடித்தால் மறுபடி போனது. வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தபோதுதான் மீதியும் தெரிந்தது. படம் சல்லடையில் போட்டுச் சலித்ததுபோலக் குலுங்கியது. நடுவே விரல் எங்கேயோ பட்டுக் கறுப்பு வெள்ளையாகவும் மாறியிருந்தது.

"ஏனுங்க, பூகம்பம் வந்தப்ப எடுத்தீங்களா?" என்று சிரித்த மாசாணியம்மாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "வீடியோக்காரரே எடுக்கட்டுமுங்க. நீங்க முன்னாடி சேர்ல நிம்மதியா உக்காந்து பாருங்க."

முதலாளி சொன்ன அதே நிம்மதி. லேத் போய்விட்டது. இதையும் விட்டுக்கொடுத்தால் இனி இந்தக் கையை நம்பி யாரும் எதையும் கொடுக்கமாட்டார்கள், தனக்கே அதன்மேல் நம்பிக்கை போய்விடும் என்று வேலுமணிக்குத் தோன்றியது.

மறுநாள் கடைக்குப் போய்க் கேமராவை வைத்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். நகம் கண்ணாடியில் டக்டக்கென்று தட்டியது.

"அம்மணி, கை இப்படித்தான் இருக்குது. எடுக்கப்போறது நான்தான். இதுக்கு எந்தக் கேமரா ஆகும்?"

இந்த இரண்டு வருடத்தில் டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

ரம்ஷா தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கே பாத்தனுங்ணா. கேட்டா மனசு நோகுமோன்னு கேக்கல. ஸ்டாண்டு வேணுமான்னு மட்டும் கேட்டேன்."

"நானும் சொல்லாம, நீங்களும் கேக்காம, நடுவுல ஒரு கேமரா வித்துப்போச்சு பாருங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சு சுலபமானது.

"ஜூமை மறந்துருங்ணா" என்றார் ரம்ஷா. "அக்காவ அம்பது மடங்கு பெரிசாக்குனா கை நடுக்கமும் அம்பது மடங்கு பெரிசாகும். வட்டமாச் சுத்தறவங்களுக்கு அகலமாப் பாக்கற லென்சுதான் வேணும். நூறடிய உட்டுட்டு இருபதடில உக்காருங்க."

"இதுல '4K'ன்னு போட்டிருக்குதே, அது?"

"உங்க டிவி எப்ப வாங்குனது?"

"பாப்பா காலேஜ் சேர்றப்ப."

"அப்பக் காசுக்குக் கேடு."

கடைசியில் ரம்ஷா உள்ளேயிருந்து எடுத்து வந்தது ஓரத்தில் கீறல் விழுந்த பழைய கேமரா. கல்யாணங்களில் அவரே வைத்து எடுத்தது. லென்ஸ் உள்ளுக்குள் மிதந்து கை அசைவில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும் என்றார். பெரிய பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். திரையைத் தொட்டால் எதுவும் ஆகாது. கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. வேலுமணி அழுத்திப் பார்த்தார். நடுங்குகிற விரல் உரசியதற்கெல்லாம் அது அசையவில்லை. மனது வைத்து அழுத்தியதும் 'கிளிக்' என்றது. பட்டறை ஸ்விட்ச்போல நேர்மையான சத்தம்.

பிறகு அவர் கேமராவைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில், ஸ்டாண்டில் மாட்டுவதற்காக மரை வெட்டிய ஒரு துளை. "கால் இஞ்சு. இருபது திரெட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"வர்றவங்க எல்லாரும் லென்சப் பாப்பாங்க. நீங்க அடியப் பாக்கறீங்க?"

"இதுதானுங்க அம்மணி முக்கியம். இது இருந்தாப் போதும்."

ரம்ஷா கொடுத்த ஸ்டாண்டை விரித்து லேசாகத் தட்டினார் வேலுமணி. மூன்று காலும் வெடவெடத்தன. "கோழிக் காலாட்ட இருக்குது. லேத்துக்கு அடில அத்தனை இரும்பு எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஆட்டத்த முழுங்கறதுக்கு. எடை வேணுமுங்க."

பட்டறையின் பழைய இரும்புக் குவியலில் பெல்ட் ஓடுகிற எட்டுக் கிலோ வார்ப்பிரும்புச் சக்கரம், புல்லி ஒன்று கிடந்தது. முதலாளியிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டு, தன் பழைய லேத்துக்குப் போனார். இப்போது அதில் நிற்பவர் சீனிவாசலு, அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்.

"கேமராவுக்குப் புல்லியா? கும்மி ஆடறவங்களுக்குத் தண்ணி எறைக்கப் போறயா வேலு?"

"நீ மொதல்ல இதோட மொகத்தச் சமமாச் சீவிக் குடு. பேசறதுக்கு அப்பறம் கூலி தர்றேன்."

சீனிவாசலு புல்லியை ஏற்றி இறுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். "ஆட்டோ ஃபீடு போட்டுக்க, வெட்டற டூல் தானா நகரும். உங்கை நடுங்குனா என்ன, டூல் போஸ்ட்டு நடுங்காதல்ல?"

அதைக் கேட்டு வேலுமணிக்குக் கோபம் வரவில்லை. நேராகச் சொன்னால் கேட்டுக்கொள்ள முடிகிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு லேத்தின் முன்னால் நின்று லீவரைத் தள்ளினார். இரும்புச் சுருள் நீளமாக உரிந்து விழுந்தது.

அந்தப் புல்லியைப் பம்ப் பேரிங் ஒன்றின்மேல் உட்காரவைத்து, நடுவில் கேமராவை மாட்டக் கால் இஞ்ச் போல்ட் நிறுத்தி, ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கம்பி வைத்தார். கம்பியை லேசாகத் தள்ளினால் புல்லி எண்ணெயில் வழுக்குவதுபோலத் திரும்பியது. விரல் துடிப்பு கம்பியோடு நின்றது.

அரங்கேற்றத்தன்று மாலை திடலின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு அவர் அதை நிறுத்தியபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது.

"ஏனுங்க, கரும்பு ஜூஸ் போடறீங்களா?" என்றார் ஒருவர்.

"இல்லீங்க, கும்மி புழியறேன்."

தவிலில் அடி விழுந்தது. மாசாணியம்மாள் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் வந்தார். கணவனையும் புல்லியையும் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். வேலுமணி பொத்தானை அழுத்தினார். வட்டம் இடது பக்கமாக நகர, கம்பியை அதே வேகத்தில் தள்ளினார். கை நடுங்கியது, மதிய மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னத் திரையில் மாசாணி கலங்காமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காப்பியோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மாசாணியம்மாள் தன்னைத்தானே அத்தனை நேரம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இத்தன வேகமாவா சுத்துனேன்?" என்றார். "சேலைய இன்னுங் கொஞ்சம் ஏத்திக் கட்டியிருக்கலாம்" என்றார். படம் எங்கேயும் குலுங்கவில்லை. அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் ஓரிடத்தில் மாசாணி திரையின் ஓரம் வழியாக வெளியே போய்விட்டார். படம் அசையாமல் நின்றது. வேறு பெண்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு முழுச் சுற்று முடிந்து அவரே திரும்பி வந்த பிறகுதான் படம் மறுபடி கூடவே நகர்ந்தது.

"இங்க என்னங்க ஆச்சு? கை முடியலீங்களா?"

முதல் தடவையாக நேராகக் கேட்டார்.

"கைக்கு ஒண்ணுமில்ல புள்ள. தள்ள மறந்துபோட்டேன்." வேலுமணி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேமராவ உட்டுட்டு உன்னையே பாத்துட்டு இருந்துட்டேன்."

மாசாணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. ரம்ஷா. "எப்படி வந்துச்சுங்ணா? நீங்க அனுப்புன போட்டோவப் பாத்துட்டு, நம்ம ஏரியால நிக்காஹ் வீடியோ எடுக்கற பொண்ணுங்க ரெண்டு பேரு அந்தப் புல்லி ஸ்டாண்டக் கேக்கறாங்க. எட்டுக் கிலோவத் தூக்க முடியாதாமா. அஞ்சு கிலோல ஆகுமான்னு கேட்டாங்க."

"அஞ்சு கிலோவுக்கு அளவு பாக்கணுமே அம்மணி. நாளைக்குச் சொல்லட்டுங்களா?"

போனை வைத்துவிட்டு நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு வட்டம் வரைந்தார். கோடு அலை அலையாகத்தான் வந்தது. உள்ளே எழுதிய அளவு மட்டும் தெளிவாக இருந்தது.

"நீங்க தள்ள மறந்த எடத்துல இருந்து மறுபடியும் போடுங்க" என்றார் மாசாணியம்மாள்.

"அதுல நீ இல்லையே புள்ள."

"பரவால்ல, போடுங்க."