அனுசியா போட்ட மாவுக்கட்டு

அடிபட்ட தெருநாயைக் கண்டால் அனுசியாவுக்குக் கை சும்மா இருக்காது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பிளாஸ்டர் மாவில் பொம்மைக்கு அச்சு செய்கிறவன் நான். அந்த அச்சில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பவள் அவள். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. சொறி பிடித்தது, புழு வைத்தது, கண் போனது என்று இதுவரை பதினாலு நாய்களைத் தேற்றிவிட்டாள். "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று கிண்டல் பண்ணுவோம். உள்ளுக்குள் அவளுக்கு அது பெருமைதான்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். பேட்டை வாசலில் ஒரு செவலை நாயின் முன்னங்காலில் லோடு வண்டி ஏறிவிட்டது. கால் தொங்கிக்கொண்டிருந்தது. அனுசியா அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடுற மாவும் நம்ம அச்சு மாவும் ஒண்ணுதானுங்களே? கொஞ்சம் கலக்கிக் குடுங்க."

கலக்கிக் கொடுத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! அச்சுக்குக் கலக்குகிற மாதிரியே கெட்டியாகக் கலக்கினேன். அடியில் பஞ்சு வைக்கணும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவள் காலை நிமிர்த்திப் பிடித்து, துணியை மாவில் முக்கிச் சுற்றி, மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பூசினாள்.

பத்து நிமிஷத்தில் நாய் அலற ஆரம்பித்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அனுசியா அதை மடியில் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எலும்பு கூடுற வலிடா கண்ணு, செத்த நேரம் பொறுத்துக்க."

அரை மணி நேரம் கத்தி ஓய்ந்தது. அப்பாடா என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் கட்டிலிருந்து நாற்றம் வந்தது. ஆட்டோ வைத்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் கட்டை அறுத்துப் பிரித்தார். மாவோடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே சதை வெந்து கறுத்திருந்தது.

"மாவு இறுகும்போது சூடேறும்னு உங்களுக்குத் தெரியாதாங்க?" என்றார்.

எங்களைப் பார்த்துக் கேட்கிறார்! மார்கழிக் காலையில், இறுகுகிற அச்சின் மேல் கையை வைத்துக் குளிர் காய்கிறவர்கள் நாங்கள். பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனையும் தெரிந்துதான் ஒரு உயிரின் காலில் அதைப் பூசியிருக்கிறோம். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அனுசியா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கத்துச்சுங்களே அண்ணே... நான்தான் அமுக்கிப் புடிச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காலை எடுத்துவிட்டார்கள். நாய் பிழைத்துக்கொண்டது. இப்போது மூன்று காலில் பேட்டை முழுக்கத் துள்ளி ஓடுகிறது. என் கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்கிறது. மாவைக் கலக்கியவன் நான் என்று அதற்குத் தெரியாது. அனுசியாவைக் கண்டால் மட்டும் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு நடுங்குகிறது.

தினமும் சோற்றைப் பிசைந்து என்னிடம் கொடுக்கிறாள்.

"நீங்களே வெச்சிடுங்க அண்ணே. அது தின்னு முடிக்கிற வரைக்கும் நான் உள்ளயே இருக்கறேன்."