குழாய்க்குள் மட்டும் உறையாத ரத்தம்

மதுரையில் ரத்தம் உறைவதை ஆராயும் ஒரு கூடத்தில் எனக்கு வேலை. நோயாளியின் ரத்தம் தாமதமாக உறைகிறது என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் வைத்து ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டும். அதற்கு ஆள் தேடி அலைய முடியாது என்பதால் வேலை பார்ப்பவர்களே கையை நீட்டுவோம். முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். நான்தான் எப்போதும் முதல் ஆள். ஆராய்ச்சியின் மேல் அவ்வளவு பற்று.

போன வருடம் புதிதாக ஒரு சோதனை தொடங்கினோம். அதில் என் ரத்தம் உறையவில்லை. அரை நிமிடத்தில் கட்டியாக வேண்டியது குழாய்க்குள் தண்ணீராகத் தளும்பி ஆடிக்கொண்டிருந்தது. மருந்து கெட்டுவிட்டது என்றேன். புது பாட்டில் திறந்தோம். குழாயில் அழுக்கு என்றேன், குழாயை மாற்றினோம். மெஷினைக்கூட மாற்றிப் பார்த்தோம். கடைசியில் மாற்றாமல் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

“வெட்டுப்பட்டா உங்களுக்கு ரத்தம் நிக்குமா?” என்று எங்கள் பேராசிரியை கேட்டார்.

“வெட்டுப்படுற மாதிரி வேலை எதுவும் நான் செஞ்சதில்ல மேடம்” என்றேன். அதை அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பன்னிரண்டாம் காரணி இல்லையாம். ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்ப வேண்டும். அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் எண் இல்லாதவர்கள் பாடு பெரும்பாடு. சின்ன அடிக்கே மூட்டு வீங்கிவிடும். பன்னிரண்டு இல்லாதவர்களுக்கு ரத்தம் நிற்பதில் ஒரு குறையும் இல்லை. உடம்பு அது இல்லாமலே காரியத்தை முடித்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாயில்தான் உறையாது. ஆக, இந்த நோயால் அவதிப்படுவது குழாய்தான். என் தகுதிக்கு வாய்த்த நோயும் அப்படித்தான் இருந்தது.

சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பம் எங்களுடையது. பரம்பரையாக வரும் இது வேறு யாருக்கு இருக்கிறது என்று பார்க்க, பரளச்சிப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஊசியோடு போனேன். அத்தைக்குப் பித்தப்பையில் கல். எண்ணெய்ப் பலகாரத்தின் வாசனை பட்டாலே சுருண்டு படுத்துவிடுவார். மழை விழுந்து வயலில் கொத்தமல்லி விதைப்பதற்குள் கல்லை எடுத்துவிட வேண்டும் என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள்.

அத்தைக்கும் பன்னிரண்டு இல்லை. போனில் விஷயத்தைச் சொல்லி, “ஒண்ணும் பயமில்ல அத்தை” என்று அழுத்திச் சொன்னேன். அத்தை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அண்ணன் மகன் கண்டுபிடித்த நோய் என்று டவுன் பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போய், அதே பெருமையோடு ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டார். அவர் தன் பங்குக்கு ஒரு சோதனை செய்து பார்த்தார். அந்தக் குழாயிலும் ரத்தம் உறையாமல் ஆடியது. ஆபரேஷன் நின்றுபோனது.

மாமா போனில் கூப்பிட்டார். “மாப்ள, நல்லாருக்கியா? இங்க உங்க அத்த ராத்திரியெல்லாம் வயித்தப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கா. நீ பாட்டுக்கு மதுரையில டீ குடி.”

ஓடிப்போய் அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றேன். டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரத்தம் உறையாதுன்னு கண்டுபிடிச்சதும் நீங்கதான். தைரியமா அறுங்கன்னு சொல்றதும் நீங்கதானா?”

பேராசிரியையைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் எனக்குப் பாதி புரிந்த மொழியில் வெகுநேரம் பேசினார்கள். போனை வைத்த டாக்டரம்மா, “சரி, செஞ்சுரலாம்” என்றார்.

அத்தை நாற்காலியை விட்டு அசையவில்லை. “டாக்டரம்மா நம்பிட்டாக, சரி. நான் நம்ப வேணாமா? அறுக்கப் போறது என் வயித்த.”

“அத்தை, எனக்கும் அதே ரத்தந்தான். நான் நல்லாத்தான இருக்கேன்?”

“ஒன்ன யாரு அறுத்துப் பாத்தா?” அத்தை என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். “ஏலே, கடவாப் பல்லுல ஒண்ணு கருப்பா இருக்கே, என்னது?”

அது சொத்தை. கையில் எத்தனை குத்தினாலும் தாங்குவேன், ஈறில் போடும் ஊசிக்குப் பயந்து பல காலமாகப் பாதுகாத்து வருகிறேன். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவன் என்பதால் வெளியே சொன்னதில்லை.

“அத மொதல்ல பிடுங்கட்டும். ரத்தம் நின்னா நான் படுக்குறேன். நிக்கலேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம்.”

“மாப்ள ஓடிராம நான் பாத்துக்கிறேன்” என்றபடி மாமா வாசலில் போய் நின்றுகொண்டார்.

அடுத்த தெருவில் பல் டாக்டர் இருந்தார். வந்த காரணத்தை நான் விளக்க, அவரும் பேராசிரியையிடம் பேசிவிட்டுத்தான் பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தார். பிடுங்கும்போது நான் போட்ட சத்தம் என் ரத்தத்தின் குணத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. வாயில் பஞ்சை வைத்து என்னை வெளியே உட்கார வைத்தார்கள். அத்தை எதிரே உட்கார்ந்து, அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து, “தொற” என்றார்.

திறந்தேன். பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். பிறகு மாமாவின் செல்போன் விளக்கை வாங்கி வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

“கட்டிருச்சு” என்றார் மாமாவிடம். “போயி டாக்டரம்மாட்ட நாளக் குறிக்கச் சொல்லுங்க.”

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. மறுநாள் பார்க்கப் போனேன். வயிற்றில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி; ஒரு பொட்டுக்கூடக் கசியவில்லை. அத்தை எழுந்து உட்கார்ந்து, விதைக்க வைத்திருந்த மல்லியை இரண்டிரண்டாக உடைத்தாயிற்றா என்று மாமாவை விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரம்மா மட்டும் என் வீங்கிய கன்னத்தைக் கவலையோடு பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டார்:

“இவுகளுக்கு எப்ப ஆபரேசன்?”