அடி பிடிப்பவர்

வீடு மாற்றும் கூட்டத்தில் அவருக்கு ஜாக்கி என்று பெயர். லாரியைத் தூக்கி நிறுத்துகிற ஜாக்கிதான். பத்தொன்பது வருடமாக மாடிப்படியில் கனமான சாமான் ஏறும்போது அடி பிடிப்பவர் அவர். மேலே நிற்பவன் தலை பிடிப்பான். அவன் வேலை பெரும்பாலும் வழி காட்டுவது. பாரம் கீழே நிற்பவரின் நெஞ்சில்தான் இறங்கும். அதனால் படியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் “ஏத்து” என்று சொன்ன பிறகே மேலிருப்பவன் சாமானைக் கட்டிய வாரை இழுக்க வேண்டும். குரல் வராமல் இழுத்தவனை அந்தக் கூட்டம் மறுபடி படியேற விட்டதில்லை. அப்படி ஒருமுறை இழுத்தவன் இப்போது பஸ் நிலையத்தில் பூட்டு விற்கிறான்.

கூட்டத்தில் நாலு பேர்: மேஸ்திரி, டிரைவர், ஜாக்கி, தலை பிடிக்கிற மச்சான். மச்சான் என்றால் ஜாக்கியின் மனைவிக்குச் சொந்தத் தம்பி. மத்தியானம் ஒரே பாத்திரத்தில் கறிச்சோறு வரும். அடி பிடித்தவர் தட்டில்தான் முதல் இரண்டு துண்டு விழும். அதை யாரும் மரியாதை என்று சொல்லிக்கொள்வதில்லை. வண்டிக்கு டீசல் போடுவது மாதிரி போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா, “உங்க அப்பா எத்தனை வயசுல போனார்?” என்று கேட்டார்.

“அம்பத்தொண்ணு.”

“உங்களுக்கு?”

“நாப்பத்தெட்டு.”

டாக்டரம்மா வேலையை விடச் சொல்லவில்லை, கறியை விடச் சொன்னார். முட்டை, நெய் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பயறு, கீரை, காய், பழம். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். வேலையையே விடச் சொல்லியிருந்தால் வெளியே சொல்வது சுலபமாக இருந்திருக்கும் என்று திரும்பும் வழியில் ஜாக்கிக்குத் தோன்றியது. நெஞ்சு நோய் என்றால் நாலு பேர் அனுதாபப்படுவார்கள். கீரை தின்கிறேன் என்றால்?

முதலில் பல்வலி என்றார். பத்து நாள் ஓடியது. “பிடுங்கித் தொலையேன்யா. ஒரு பல்லு போனா உயிரா போயிடப் போகுது?” என்றார் மேஸ்திரி. பிறகு வயிற்றுப் புண் என்றார். அதற்கு டிரைவரிடம் மூன்று வைத்தியம் இருந்தது. கடைசியில் பேசுவதை விட்டுவிட்டு, துண்டுகளை வாங்கிக்கொண்டு, எல்லோரும் கை கழுவப் போகும் நேரத்தில் பிளாஸ்டிக் பைக்கு மாற்ற ஆரம்பித்தார். கிடங்கு வாசலில் படுத்திருந்த நாய்க்கு இரண்டு மாதத்தில் கழுத்து மறைந்துபோனது. “நமக்கெல்லாம் ஏறாத சம்பளம் இந்த நாய்க்கு மட்டும் ஏறியிருக்கு போல” என்றான் டிரைவர். ஜாக்கியும் சேர்ந்து சிரித்தார். பசியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான மத்தியானச் சாப்பாடு. ஒரு சட்டி பயறை நின்றுகொண்டே காலி செய்வார்.

ஆனால் உடம்பு வேறு கணக்கில் போய்க்கொண்டிருந்தது. ஏழு கிலோ குறைந்தது. மூன்றாம் மாடியில் முன்பெல்லாம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார், இப்போது நிற்கவேண்டியிருக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆளில்லை.

அவர் சொல்லாததை மனைவி சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது, அவன் தட்டில் பரிமாறிக்கொண்டே, “உங்க மாமாவுக்கு ரத்தம் சரியில்லடா. கறியே தொடறதில்ல. படியில கொஞ்சம் பார்த்துக்கோ” என்றாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “இத்தனை நாளாவா?” என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் ஒரு வக்கீல் ஆபீஸ் வேலை. இரும்புப் பெட்டகம் ஒன்று இரண்டாம் மாடிக்கு ஏற வேண்டும். மேஸ்திரியும் டிரைவரும் கீழே லாரியில் இருக்க, ஜாக்கி வாரைத் தோளில் போட்டுக்கொண்டு அடியில் நின்றார். முதல் மாடி ஏறியது. திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, வலது காலை அடுத்த படியில் ஊன்றப் போனார். இன்னும் ஊன்றவில்லை, குரலும் கொடுக்கவில்லை. அதற்குள் பெட்டகம் மேலே நகர்ந்தது.

மச்சான் இழுத்துவிட்டான்.

தலை உயர்ந்ததும் அடி நழுவியது. மச்சானின் கை பெட்டகத்துக்கும் படியின் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் மாட்டியது. ஜாக்கி முழங்காலை முட்டுக்கொடுத்து, நெஞ்சைப் பெட்டகத்தோடு ஒட்டி நின்றார். சத்தம் கேட்டு ஓடிவந்த டிரைவர் மரக்கட்டையைத் தேடி எடுத்துவந்து அடியில் செருகும்வரை அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் மட்டும் ஒன்றைக் கவனித்தார்: கை நடுங்கவில்லை.

மச்சானுக்கு இரண்டு விரல் நசுங்கிப்போனது.

ஆஸ்பத்திரி பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் தரையைப் பார்த்தபடி பேசினான். “அக்கா சொன்னா, மாமா. உங்களுக்கு முடியாதுன்னு நினைச்சேன். பாதிப் பாரத்தை நான் வாங்கிக்கலாம்னு.”

“வாங்கிக்கிட்டியா?” என்றார் ஜாக்கி.

அவன் அழுதான். இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அவன்கிட்ட ஏன் சொன்ன?”

“உயிரோட இருக்கும்போது சொன்னாத்தானே ஆகும்? நீங்க போனப்புறம் யார்கிட்ட சொல்றது?”

“என்னால முடியுது. முன்னைவிட நல்லாவே முடியுது. அதை யாராவது கேட்டீங்களா?”

“நீங்க யாரையாவது கேக்க விட்டீங்களா?” என்றாள். அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளே தொடர்ந்து, “அவன் பொண்டாட்டி போன் பண்ணினா. ரெண்டு பொண்ணுங்களையும் வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு பயப்படறா. வேலை போயிடாதில்ல?” என்றாள்.

அவர் பயறைப் பிசைந்துகொண்டே இருந்தார். பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை.

காலையில் மேஸ்திரி கிடங்கில் மூன்று பேரையும் நிற்க வைத்தார். மச்சான் லீவு எடுக்காமல் வந்திருந்தான். லீவு எடுத்தால் அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். மேஸ்திரி முதலில் அவனைப் பார்த்தார், பிறகு ஜாக்கியைப் பார்த்தார்.

“யார் பண்ணின தப்பு? எனக்குத் தெரிஞ்சாகணும். இன்னைக்கு விரல் போச்சு, நாளைக்குத் தலை போகும்.”

ஒரே வரிதான். குரல் கொடுக்கும் முன்னால் இழுத்துவிட்டான். அதைச் சொன்னால் ஜாக்கி இன்றைக்கே அடியில் நிற்கலாம். மச்சான் பூட்டு விற்கக்கூட முடியாது. அதற்கும் பத்து விரல் வேண்டும். அவனே சொல்லட்டும் என்று ஜாக்கி காத்திருந்தார். மச்சான் கைக்கட்டிலிருந்து பிரிந்து தொங்கிய நூலை வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தான். டிரைவர் இருமினான்.

“நான்தான் விட்டுட்டேன்” என்றார் ஜாக்கி.

“நீயா? பத்தொன்பது வருஷத்துல ஒரு டம்ளரைக்கூட விட்டதில்லையேய்யா.”

நம்பவில்லை. நம்பும்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். பெட்டகத்தைத் தாங்கியபோதுகூட அவருக்கு இவ்வளவு வியர்க்கவில்லை.

“கறியை விட்டு நாலு மாசம் ஆச்சு, மேஸ்திரி. டாக்டர் சொல்லி. வெறும் கீரை, பயறுதான். உடம்புல முன்ன மாதிரி பிடி இல்ல.”

மேஸ்திரியின் முகம் தெளிந்தது. அதை நம்ப அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

“அட, அதானே பார்த்தேன். கன்னம் ஒட்டினப்பவே நினைச்சேன். ஆம்பளை திங்கற தீனியாய்யா அது? ஆடு மாடு தின்னுட்டுப் போகுது.”

“அந்த மாடுதான் வண்டி இழுக்குது” என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்றான் டிரைவர், நிஜமான வருத்தத்தோடு. அந்த வருத்தம்தான் தாங்க முடியாததாக இருந்தது. கிண்டல் செய்திருந்தால் திருப்பி ஒன்று சொல்லியிருக்கலாம்.

மேஸ்திரி இரக்கமுள்ள மனிதர்தான். வீட்டுக்கு அனுப்பவில்லை. இனி கண்ணாடி, பீங்கான், விளக்கு இதையெல்லாம் பேப்பர் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவது ஜாக்கியின் வேலை. அடியில் டிரைவர் நிற்பான். மச்சான் கை ஆறும்வரை பட்டியல் எழுதுவான், அப்புறம் பழையபடி தலை பிடிப்பான். “உடம்பைத் தேத்திக்கிட்டு வா, அப்புறம் பார்ப்போம்” என்று தோளைத் தட்டினார். மூட்டை தூக்குகிற தோளை அப்படி மெதுவாகத் தட்ட மாட்டார்கள்.

அன்றைய வேலை ஒரு வாத்தியார் வீடு. லாரி நின்றதும் ஜாக்கி பேப்பர் சுருளை எடுத்துக்கொண்டு இறங்கினார். மச்சான் பின்னாலேயே வந்தான்.

“மாமா, மேஸ்திரி என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

ஜாக்கி சுருளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“முதல்ல உன்னைப் பார்த்துத்தான்டா கேட்டாரு” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிச் சாமான் எந்த அறையில் இருக்கிறது என்று வீட்டுக்காரம்மாவிடம் விசாரிக்கப் போனார்.