சோதனை மருந்தும் சூசை அண்ணனும்

எங்கள் தொழிலில் படு கஷ்டமான வேலை, “இந்த மருந்து உங்களைக் குணப்படுத்தும்னு சொல்ல முடியாது” என்பதை முகம் சுளிக்காமல் சொல்வது. சேலத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. வேறு வைத்தியம் இல்லை என்றானவர்களிடம் புது மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்குகிறவள் நான். இதே வேலையில் மாட்டிக்கொண்ட பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான்.

ஒரு வார்த்தை படுத்திய பாடு

சூசை அண்ணன் தியாகதுருகம் பக்கம் கரும்பு போடுகிறவர். ஈரலில் கட்டி, முற்றிய நிலை. எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்க்கத்தான் இந்த முதல் கட்டம், கட்டி கரையும் என்று உறுதியில்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “இது சோதனை மருந்து” என்றேன் பாருங்கள், முகமே மாறிவிட்டது. மாதாகோயிலுக்குத் தவறாதவர்.

“தெனம் ஆண்டவர்கிட்ட சோதனையில வுழ வுடாதேன்னு கேட்டுக்கினு இருக்கேன். நீ இன்னாம்மா, கையெழுத்துப் போட்டு வுழச் சொல்ற?”

நல்லா இருக்கேங்க

இது அந்தச் சோதனை இல்லை, பரிசோதனை என்று விளக்கினேன். யோசித்துவிட்டு, மறுமுறை மனைவி மேரியோடு வந்து கையெழுத்துப் போட்டார். அப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: நல்லா இருக்கேங்க. டாக்டருக்கு ஏக சந்தோஷம். அடுத்து வருகிறவருக்கு அளவைக் கூட்டலாம் என்று பேச்சு. எனக்குத்தான் உறுத்தல், அண்ணனின் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். மேரி அக்கா அழுதுவிட்டார். ஓயாத வாந்தியாம். கரும்புக் கொல்லைக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு வருகிறாராம்.

“சொன்னா மருந்த நிறுத்திப்புடுவாங்கன்னு பயப்படுறாரும்மா. இருக்கிறது இது ஒண்ணுதானே.”

வெளி பெஞ்சில்

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் வந்ததும் பொரிந்து தள்ளினேன். நீங்கள் நல்லா இருக்கேன் என்பதை நம்பித்தான் அடுத்தவருக்கு ஜாஸ்தியாகக் கொடுக்கப்போகிறார்கள், அவர் என்ன ஆவார் என்றேன். அவர் நேரே உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்த உடம்பு இனித் தாங்காது என்று அன்றே மருந்தை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. வெளியே பெஞ்சில், கரியாலூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். இதே மருந்துக்குத்தான் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாந்தி வந்தா மறைக்காத தம்பி. நான் சொல்லிட்டேன், ஒனக்குக் கம்மியாத்தான் குடுப்பாங்க.”

யாராவது “நல்லா இருக்கேன்” என்று சொன்னால் உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிக்கிற தொழில், உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான்.