மூடி அளவு நெருப்பு

என் அக்கா மலையேறியதே இல்லை. இரண்டாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏறுவதற்கே நடுவில் ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படி கட்டினவனைத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்து, "கையில தூக்கிட்டுப் போற சின்ன அடுப்பு இருக்கா?" என்று கேட்டதும், கூட நின்ற எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாடி வைத்த கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்: "எந்த மலைக்குப் போறீங்கம்மா?"

"பால்கனிக்கு" என்றாள் அக்கா.

இந்தக் கூத்து எதனால் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா பல்செட் செய்கிற பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மெழுகை இளக்கி ஈறு மாதிரி செதுக்குவது அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. அத்தான் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். நான் அதே கட்டடத்தில் கீழ் வீடு. ஒருநாள் அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாள். போன இடத்தில் பேச்சு சுவாரசியத்தில் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் கருகி, பக்கத்தில் தொங்கிய துணியில் பிடித்து, ஜன்னல் திரை வரைக்கும் போய்விட்டது. நான்தான் முதலில் ஓடி கேஸை மூடிவிட்டு, வாளித் தண்ணீரைத் திரையில் கொட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெருவே கூடிவிட்டது. தெரு கூடினால் மகன் காதுக்குப் போகாமல் இருக்குமா?

மகன் கெட்டவன் இல்லை. அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறான், அதுதான் தொல்லை. நான் அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன நேரமாகப் பார்த்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து, கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் சமையல் மேடையில் அடுப்பு இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. "மெஸ்ல சொல்லியிருக்கேன். ரெண்டு வேளையும் சாப்பாடு வந்துடும்" என்றான் போனில். கரண்ட் அடுப்பாவது வாங்கிக் கொடுடா என்று அக்கா கேட்டாள். "நீ அதையும் மறந்துடுவேம்மா. எதுக்கு ரிஸ்க்கு? பேசாம எங்ககூட வந்துடேன்" என்றான்.

அக்கா போனை வைத்துவிட்டு அந்த வெளுப்பான இடத்தைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. "ஒரு டீ போட்டுக்க முடியலன்னா இது என் வீடா? லாட்ஜு" என்றாள். கீழே வா, நான் போட்டுத் தருகிறேன் என்றேன். "உன் டீயை நீ குடி" என்றாள். எனக்கு மூக்கறுந்த மாதிரி ஆனாலும் அவள் சொன்னது சரிதான். இன்னொருத்தர் அடுப்பில் டீ கிடைப்பது அவள் பிரச்சினையே இல்லை.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் காட்டியது கேஸ் டப்பாவின் தலையில் திருகி வைக்கிற அடுப்பு. உள்ளங்கையில் மடங்கிவிடும், திருகினால் சர்ரென்று எரியும். எனக்கு அதுவே பிடித்துப்போனது. அக்கா அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து விரலால் லேசாகத் தட்டினாள். ஆடியது. "காத்துக்கு மறைப்பு வைக்கலாமா?" என்று கேட்டாள். சுற்றிலும் மூடி வைத்தால் டப்பா சூடாகும், அது ஆபத்து என்றார் அவர். "டப்பா தீர்ற வரைக்கும் எரியுமா?" "நீங்க அணைக்கிற வரைக்கும் எரியும்மா." அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்தது பம்ப் அடித்துப் பெட்ரோலில் எரிகிறது. பனியிலும் எரியும் என்று அவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கடை வாசலில் வைத்துப் பற்றவைத்துக் காட்டினார். சூடேறும்வரை தீ முழ உயரத்துக்கு எழும்பியது, என் புருவம் தப்பியது அதிர்ஷ்டம். அக்கா, "ஒரு டீக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். பிறகு மாத்திரை மாதிரி வெள்ளை வில்லைகள். ஒன்றை வைத்துக் கொளுத்தினால் போதும். ஆனால் அழுகிய மீன் வாடை, பாத்திரத்தின் அடியில் பிசுபிசுவென்று கரி. கடைக்காரர் சோர்ந்துபோய், கடைசியாக ஒரு மூலையிலிருந்து பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். ஸ்பிரிட் அடுப்பு. குமிழும் இல்லை, பம்பும் இல்லை. "இது மெதுவாத்தான் கொதிக்கும்மா. காத்து அடிச்சா இன்னும் மெதுவு. யாரும் வாங்கறதில்ல."

"ஊத்தின அளவு தீர்ந்துட்டா?"

"தானா அணைஞ்சிடும்."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டறையில் அத்தனை வருஷமும் அவள் எதிரில் எரிந்தது ஸ்பிரிட் விளக்குதான். தெரிந்த ஆளை வழியில் பார்த்த மாதிரி அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

பால்கனியில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதன் மேல் கிண்ணம், சுற்றி தகரத்தை வளைத்து ஒரு மறைப்பு. பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் கிடையாது. ஸ்பிரிட் பாட்டிலின் மூடிதான் அளவு. ஒரு மூடிக்கு ஒரு டீ. இரண்டு மூடிக்கு முட்டை வெந்துவிடும். நாலு மூடி ஊற்றினால் அரிசி பாதி வேகும், மீதி வேலையைப் பழைய கம்பளி பார்த்துக்கொள்ளும். பாத்திரத்தை அதில் சுற்றி வைத்துவிடுவாள். ஊற்றியதும் பாட்டிலை மூடி, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துதான் தீக்குச்சியைத் தொடுவாள். ஒருநாள் நல்ல வெயிலில் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறதே, அணைந்துபோயிற்று என்று நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். பளாரென்று என் கையில் ஒன்று வைத்தாள்.

"எரியுதுடி! வெயில்ல ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. ஊத்தியிருந்தேன்னா பாட்டிலோட சேர்ந்து நீயும் எரிஞ்சிருப்பே. கிண்ணம் ஆறாம பாட்டிலே பால்கனிக்கு வரக் கூடாது, தெரிஞ்சுக்கோ."

அடி வாங்கியது வலித்தது. ஆனால் அக்காவின் குரலில் பழைய மெழுகக்கா திரும்பி வந்திருந்தாள், அதனால் திருப்பித் திட்டவில்லை. மெஸ் சாப்பாடு என் வீட்டுக்கு இறங்கிவிடும். என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். வந்தவன் உட்காரக்கூட இல்லை. "வீட்டு ஓனர்கிட்ட பேசிட்டேம்மா. இந்த மாசத்தோட காலி பண்றோம். ரூம் ரெடியா இருக்கு" என்றான். சொல்லிக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தட்டு, கிண்ணம், தகரம். முகம் சிவந்துபோனது.

"என்னம்மா இது? சிலிண்டரை எடுத்துட்டுப் போனா ஸ்பிரிட்டை வாங்கி வச்சிருக்கே? சித்தி, நீங்களும் இதுக்கு உடந்தையா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமாண்டா, உடந்தைதான்! ஒருநாள் நடந்ததுக்கு ஆயுசு முழுக்க தண்டனையா? என் அக்காவுக்கு என்ன மறதி? உனக்கும் எனக்கும் இல்லாத மறதியா?"

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "மறதி வருது."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா நிதானமாகச் சொன்னாள். "அன்னைக்கு மட்டும் இல்ல. குழாயைத் திறந்துட்டு மறக்கறேன். ரெண்டு தடவை உப்புப் போடறேன். இதெல்லாம் எனக்கே தெரியாதுன்னு நினைச்சியா? தெரியும். மறக்க மாட்டேன்னு நான் சொல்லலடா. மறந்தாலும் வீடு எரியாத மாதிரி பண்ணியிருக்கேன். அதைப் பாரு முதல்ல."

ஒரு மூடி ஊற்றினாள். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு வந்து பற்றவைத்தாள், தண்ணீரை வைத்தாள். பிறகு மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எங்களையும் வெளியே தள்ளி, வீட்டைப் பூட்டினாள். எல்லோரும் கீழே என் வீட்டில் போய் உட்கார்ந்தோம். அக்கா என் வீட்டுக்காரரிடம் மெஸ் சாப்பாட்டில் காரம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். மகன் முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தான். பாதியில் எழுந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினான். அவன் பின்னால் நாங்கள். அக்கா வழக்கம்போல நடுவில் நின்று, படி கட்டினவனுக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

கிண்ணம் அணைந்து கிடந்தது. பாத்திரத்தில் தண்ணீர் சுடச்சுட அப்படியே இருந்தது.

அவன் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தான். "சரி. மூடி எத்தனைங்கறதையே மறந்துட்டா?"

"அன்னைக்கு வரேன்" என்றாள் அக்கா. "நானே பெட்டி கட்டிட்டு உன் வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் என்னை யாரும் காலி பண்ணக் கூடாது. நான் வீட்டில இல்லாத நேரம் பார்த்து எதையும் தூக்கவும் கூடாது."

"மறந்துட்டேன்னு உனக்கே எப்படிம்மா தெரியும்?" அவன் குரல் இறங்கியிருந்தது. இந்தத் தடவை சண்டைக்குக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டான்.

அக்கா பாத்திரத்தில் இருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும். இவ சொன்னா வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உன்னைப் பிடிச்சுக் கொடுக்கற வேலை எனக்கு வேணாம். உன் பிள்ளையையே பார்த்துக்கச் சொல்லு."

"அவன் நாளைக்கே சொல்லிடுவான். அவ்வளவு பயம் அவனுக்கு. நீ அப்படி இல்ல. வேற வழியே இல்லன்னாத்தான் உன் வாயில வரும். அதனாலதான் உன் பேச்சை மட்டும் நம்புவேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவளுக்காகச் சண்டை போடத்தான் எனக்குத் தெரியும். அதைத் தவிர வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. "சித்தி பார்த்துச் சொல்றதா இருந்தா சரி" என்றான் மகன். பிறகு போனை எடுத்து ஓனரிடம், "இல்ல சார், காலி பண்ணல. அம்மா இங்கதான் இருப்பாங்க" என்றான்.

"சொல்லுவியாடி?" என்றாள் அக்கா.

"சொல்றேன்" என்றேன். "அதுவரைக்கும் எவன் வந்து இந்தக் கிண்ணத்தைத் தொட்டாலும் கையை ஒடிப்பேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, "உனக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்று கேட்டாள்.