வலது காதும் நீள ஸ்க்ரூடிரைவரும்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மரத்தடியில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் ஆசிஃப் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனால், எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டார். ஓடுகிற எஞ்சின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை வைப்பார். பிடியை வலது காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போயிச்சு" என்றால் போயிச்சுதான். ஊரில் பாதி மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான். ஆனால் பாய்க்கு அதில் தனிக் கர்வம். அந்தக் கர்வம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஒருநாள் காலையில் எழுந்தபோது அவருக்கு வலது காது கேட்கவில்லை. உள்ளே ஓயாத ஓர் இரைச்சல் மட்டும். எழுந்து நின்றால் தரை லேசாகச் சாய்ந்தது.

"டாக்டராண்ட போலாங்க" என்றாள் மனைவி கைசர் ஜஹான்.

"இன்னாத்துக்கு? அழுக்கு அடைச்சிக்கினு கீது."

சொன்னதோடு விடவில்லை, சோதித்தும் பார்த்தார். கடையில் ஒரு வண்டியை ஓடவிட்டு, கேட்காத காதின் எலும்பிலேயே ஸ்க்ரூடிரைவரை வைத்தார். எஞ்சின் கணீரென்று கேட்டது. எலும்பு வழியாகக் கேட்கிறதென்றால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, வாசலில்தான் அடைப்பு. தீர்ந்தது விஷயம். மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கேட்டார். கைசரும் தினம் ஊற்றினாள். டாக்டர் பேச்சை அவள் எடுக்கும்போதெல்லாம் "எஞ்சின் கேக்குதுன்றேன்ல" என்று வாயை அடைத்துவிடுவார்.

மாதம் ஒன்று ஓடியது. ஒருநாள் வலப்பக்கமிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்த லாரியை இடப்பக்கம் தேடியபடி நடுத்தெருவில் நின்றார். யாரோ பிடித்து இழுத்தார்கள். அன்றைக்கே கைசர் அவரை ஆட்டோவில் ஏற்றி அடையாறில் காது டாக்டரிடம் கொண்டுபோனாள்.

டாக்டர் ஜானகி காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கே இல்லை. இரண்டு கிளையுள்ள ஓர் உலோகக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே வலது காதுக்குப் பின்னால் ஊன்றினார்.

பாய்க்குச் சிரிப்பு வந்தது. "இது நம்ம ஸ்க்ரூடிரைவர் வேலைதான் மேடம். நல்லா கேக்குது."

"எந்தக் காதுல கேக்குது?"

இப்படி ஒரு கேள்வி உண்டு என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

டாக்டர் அவருடைய இடது காதில் ஹெட்ஃபோனை மாட்டி, மழை கொட்டுவது போன்ற இரைச்சலை விட்டார். மறுபடியும் கவையை அதே இடத்தில் ஊன்றினார். எலும்பு அதிர்ந்தது, தோல் குறுகுறுத்தது, சத்தம் மட்டும் இல்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். எங்குமே இல்லை.

டாக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவருடைய இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். "ஒரு பக்கம் தட்டினா மண்டை முழுக்க அதிரும் பாய். நீங்க வலப்பக்கம் வெச்சீங்க, இடது காது கேட்டுச்சு. உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல முடி மாதிரி மெல்லிசா இருக்குற செல்லுங்கதான் அதிர்வை வாங்கி நரம்புக்குக் கொடுக்கணும். உங்களுக்கு அங்கதான் அடி. செத்த செல்லு திரும்ப முளைக்காது. சத்தம் எந்தப் பக்கம்னு மூளை ரெண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும். அதனாலதான் லாரி தெரியலை."

"மருந்து?"

"முதல் வாரம் வந்திருந்தா பலன் கிடைச்சிருக்கலாம். இப்பவும் ஊசி போட்டுப் பாக்கலாம். வரும்னு என்னால சொல்ல முடியாது."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது காதானாலும் கதை அதேதான். இத்தனை எஞ்சின்களின் நோயைச் சொன்னவர், தன் தலைக்குள் செத்துக்கொண்டிருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? கைசரை நிமிர்ந்து பார்க்கவும் அவருக்கு முகமில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் வழக்கம்போல வலப்பக்கம் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவள் இடம். தெரு இரைச்சலில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காதில் வாயை வைத்துத்தான் பேசுவாள்.

வீடிருக்கும் சைதாப்பேட்டை நெருங்கும்போது அவள் மூச்சு காதில் சூடாகப் பட்டது. ஏதோ சொல்கிறாள். திட்டுகிறாளா, தைரியம் சொல்கிறாளா? பழக்கதோஷத்தில் அங்கே சாய்ந்துவிட்டாள், பாவம். சொல்லி முடித்தாள் போல, காதில் பட்ட சூடு நின்றது. ரோட்டைப் பார்த்தபடியே "ம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். கைசர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.