பீரோவுக்குப் பின்னால் இருந்த தேன்

ஓசூர்க் குளிரை அப்பா மன்னிக்கவே இல்லை. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவர், கம்பெனி வேலைக்காக இங்கே வந்து மாட்டிக்கொண்டார். மார்கழி வந்தால் ஷிப்ட் முடிந்ததும் குளிருக்கென்று ஒயின்ஷாப்பில் நின்றுவிட்டு, லாரிகள் பறக்கும் ஹைவேயில் பனிமூட்டத்துக்குள் பைக் ஓட்டி வருவார். அதுவரை அம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

திட்டிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒருநாள், "குடிக்கிறத வீட்டுக்கு வந்து குடிங்க. நானே போட்டுத் தாரேன்" என்றாள்.

அன்றிலிருந்து சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, ஊர்க் கருப்பட்டி கரைத்துக் கொதிக்க வைப்பாள். இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவாள். கடைசியில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் ஒளித்திருந்த பாட்டிலிலிருந்து இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுவாள். சின்னப் பிள்ளையான நான் அது என்னவென்று கேட்டேன். தேன் என்றாள். நிறமும் அப்படித்தான் இருந்ததால் நம்பிவிட்டேன். அப்பாவும் வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கர்நாடக எல்லையில் தளி ஊர்ப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுபவர். ஒரு சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டு, வாசனை பிடித்து வந்தார். "அண்ணனுக்குப் போடற கஷாயத்த எனக்கும் பிசியா ஒரு டம்ளர் குடுங்கக்கா." சூட்டுக்கு அவர் பாஷையில் பிசி.

அம்மாவின் முகம் வெளுத்தது. பெண்டாட்டியே ஊற்றிக் கொடுக்கிறாள் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். தேன் சேர்க்காமல் ஒரு டம்ளர் நீட்டினாள். அம்மாவின் இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்ப் பாட்டிலைத் தூக்கி வந்தேன்.

"ஆன்ட்டிக்குத் தேன் ஊத்தலியேம்மா."

ஆன்ட்டி லேபிளைப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணனும் பைக்லதானே வர்றாரு?" என்று ஆன்ட்டி மெதுவாகக் கேட்டார். அம்மா தலையாட்டினாள். ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரும் அந்த ரோட்லதான் வர்றாரு. குடிச்சிட்டுத்தான் வர்றாரு. எனக்கும் இதப் போடச் சொல்லிக்குடுங்கக்கா."

அம்மா மறுபடியும் சுக்குத் தட்ட உட்கார்ந்தாள். தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டது. இருவரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள். அது வேறு யாருடையதோ, நிற்காமல் போனது. ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அம்மாவும் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு இருவர் மேலும் பாவமாக இருந்தது. தேன் ஊற்றாததால்தான் அழுகிறார்கள் என்று நினைத்து, இன்னொரு டம்ளரை எடுத்து வந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் சேர்த்து வைத்தேன்.